‘அட் ஆல்’ என்ற ஆங்கிலத் தொடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘அட்’, ‘ஆல்’ என்ற இரண்டு சொற்களையும் ஆங்கிலம் கற்கத் தொடங்கியவுடனேயே அறிந்துகொள்கிறோம். இரண்டும் சேர்ந்து ‘அட் ஆல்’ என்று வரும்போது மட்டும், பல ஆண்டுகள் படித்தவர்கள்கூடத் தயங்குகிறார்கள். அகராதி ‘சிறிதும்’, ‘அறவே’ என்று பொருள் தருகிறது. ஆனால் அந்தப் பொருளை வைத்துக்கொண்டு ‘டஸ் இட் ஹர்ட் அட் ஆல்?’ என்று கேட்கும் மருத்துவருக்குப் பதில் சொல்ல முடியாது. இந்தத் தொடரைப் பற்றிக் கற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தருகிறேன்.

‘அட் ஆல்’ என்பதன் பொருள்தான் என்ன?

‘மிகமிகக் குறைந்த அளவில்கூட’, ‘எந்த வகையில் பார்த்தாலும்’ என்பவை அதன் அடிப்படைப் பொருள்கள். இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

‘ஐ டோன்ட் நோ ஹிம்.’ எனக்கு அவரைத் தெரியாது.

‘ஐ டோன்ட் நோ ஹிம் அட் ஆல்.’ எனக்கு அவரைத் தெரியவே தெரியாது.

முதல் வாக்கியத்தைச் சொன்னவர் அந்த மனிதரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம், முகத்தை எங்கோ பார்த்திருக்கலாம். நெருங்கிய பழக்கமில்லை என்பதை மட்டுமே சொல்ல வந்திருக்கலாம். இரண்டாவது வாக்கியம் அதற்கும் இடம் தருவதில்லை. சாத்திய கதவின் இடுக்கு வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் வருமல்லவா, அந்த இடுக்கையும் அடைப்பதுதான் இந்தத் தொடரின் வேலை.

‘வெரி’ என்ற சொல்லைப் போல இதையும் எங்கு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. இரண்டும் அழுத்தம் தரும் சொற்கள்தான், ஆனால் அழுத்தம் பிறக்கும் வழி வேறு. ‘வெரி’ ஒரு பண்பின் அளவைக் கூட்டுகிறது. ‘அட் ஆல்’ எதையும் கூட்டுவதில்லை. அளவின் அடிமட்டத்துக்குப் போய், ‘இவ்வளவு சிறியதாக இருந்தாலும்கூட’ என்று அதையும் கணக்கில் சேர்க்கிறது. அதனால்தான் ‘ஐ லைக் இட் அட் ஆல்’ என்று பொது ஆங்கிலத்தில் யாரும் சொல்வதில்லை. ‘எனக்கு அது மிகவும் பிடிக்கும்’ என்ற பொருளை அது தரவே தராது.

இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. ஒரு பொருளின் மிகச் சிறிய அளவையே இல்லையென்று சொல்லிவிட்டால், அதைவிடப் பெரிய அளவுகள் எல்லாம் தாமாகவே இல்லாமல் போய்விடும். ஒரு துளி நீரும் இல்லை என்றால் குடம் நீரும் இல்லை. ஆகவே எதிர்மறையில் சிறிய அளவைச் சுட்டுவது மிக வலுவான கூற்று. உடன்பாட்டில் இது தலைகீழ். மிகச் சிறிய அளவு இருக்கிறது என்று சொல்வது ஏறக்குறைய எதையுமே சொல்லாததற்குச் சமம். அங்கே அழுத்தம் பிறக்க வழியில்லை.

மொழியியலாளர்கள் இத்தகைய சொற்களை ‘எதிர்மறைச் சார்புச் சொற்கள்’ என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். எட்வர்ட் கிளிமா 1964-இல் ஆங்கில எதிர்மறையைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை இந்த ஆய்வுக்குப் பாதை போட்டது. அவை எந்தச் சூழல்களில் வரும் என்பதற்கு வில்லியம் லாடுசா 1979-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு விளக்கம் தந்தார். அதை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: ‘அவரிடம் வாகனம் இல்லை’ என்றால் ‘அவரிடம் கார் இல்லை’ என்பதும் உண்மையாகிவிடுகிறது. ‘அவரிடம் வாகனம் இருக்கிறது’ என்பதிலிருந்து ‘கார் இருக்கிறது’ என்று முடிவு கட்ட முடியாது. பெரிய வகையைப் பற்றிச் சொன்னது அதற்குள் அடங்கும் சிறிய வகைக்கும் பொருந்துகிற முதல் வகைச் சூழல்களில்தான் இந்தச் சொற்கள் இயல்பாக வரும்.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. ‘எள்ளளவும் பயமில்லை’ என்கிறோம். ‘எள்ளளவும் பயமிருக்கிறது’ என்று எந்தத் தமிழராவது சொல்வாரா? ‘சற்றும் எதிர்பார்க்கவில்லை’ சரி, ‘சற்றும் எதிர்பார்த்தேன்’ பிழை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாம் பின்பற்றும் விதியைத்தான் ஆங்கிலமும் பின்பற்றுகிறது.

‘நாட்’ போன்ற எதிர்மறைச் சொல் இல்லாத வாக்கியங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேனே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். எதிர்மறை வெளிப்படையாக இருக்க வேண்டியதில்லை, பொருளில் இருந்தால் போதும். ‘ஹி ஹார்ட்லி ஸ்போக் அட் ஆல்’ என்பதில் ‘ஹார்ட்லி’ அந்த வேலையைச் செய்கிறது: அவர் பேசியதே அபூர்வம். ‘ஷி லெஃப்ட் வித்அவுட் சேயிங் எனிதிங் அட் ஆல்’ என்பதில் ‘வித்அவுட்’: எதையுமே சொல்லாமல் போய்விட்டாள். ‘ஐ வாஸ் டூ டயர்ட் டு ஈட் அட் ஆல்’ என்பதில் ‘டூ’: சாப்பிடவே முடியாத அளவுக்குக் களைப்பு.

இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. ‘ஐ ஆம் சர்ப்ரைஸ்ட் ஹி கேம் அட் ஆல்.’ அவர் வந்துவிட்டார், எதிர்மறையே இல்லை. ஆனாலும் வாக்கியம் சரி. அவர் வரமாட்டார் என்ற எதிர்பார்ப்பு வியப்புக்குள் ஒளிந்திருக்கிறது. ‘அவர் வந்ததே ஆச்சரியம்’ என்று தமிழில் சொல்கிறோமே, அந்த ஏகாரத்துக்கு இணை இது. தாமதமாக வந்தாரா, பாதியில் போனாரா என்பதெல்லாம் பிறகு, வந்தாரே, அதுவே பெரிது என்ற தொனி.

முழுக்க உடன்பாடான வாக்கியத்திலும் ‘எனி’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். ‘யூ கேன் சூஸ் எனி புக் அட் ஆல்’ என்றால், எந்தப் புத்தகமாக இருந்தாலும் சரி, விதிவிலக்கே இல்லை என்று பொருள். நிரித் கட்மோன், ஃபிரெட் லாண்ட்மன் இருவரும் 1993-இல் ‘எனி’ என்ற சொல்லை ஆராய்ந்து எழுதியபோது, அது பேச்சின் எல்லையை அகலமாக்குகிறது என்று விளக்கினார்கள். வழக்கமாக நாம் கணக்கில் எடுக்காதவையும் உள்ளே வந்துவிடுகின்றன. ‘அட் ஆல்’ அந்த அகலத்தை இன்னும் அழுத்திச் சொல்கிறது.

கேள்வி வாக்கியத்தில் வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன். இங்கே ஏற்படும் தவறு பேச்சோடு நின்றுவிடுவதில்லை.

மருத்துவர் ‘டஸ் இட் ஹர்ட்?’ என்று கேட்டால், ‘வலிக்கிறதா?’ என்பதுதான் கேள்வி. கொஞ்சம் சுருக்கென்று இருப்பதை நாம் பொருட்படுத்தாமல் ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். ‘டஸ் இட் ஹர்ட் அட் ஆல்?’ என்று கேட்டால் நிலைமை வேறு. ‘கொஞ்சமாவது வலிக்கிறதா? மிக லேசாக இருந்தாலும் சொல்லுங்கள்’ என்று அவர் கேட்கிறார். லேசான வலி இருந்தால் சரியான பதில் ‘ஆம்’. அகராதியில் ‘அறவே’ என்று படித்துவிட்டு, கடுமையான வலியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து ‘இல்லை’ என்றால், மருத்துவருக்குத் தேவையான தகவல் அங்கேயே தொலைந்துபோகிறது. ‘ஆர் யூ டேக்கிங் எனி மெடிசின்ஸ் அட் ஆல்?’ என்பதும் அப்படியே. மருத்துவர் எழுதித் தந்தவை மட்டுமல்ல, தலைவலிக்கு நாமாக வாங்கிப் போட்ட மாத்திரையும் அதில் அடங்கும். ஒவ்வாமை, மது, முந்தைய அறுவை சிகிச்சை என எதைப் பற்றிய கேள்வியாக இருந்தாலும், அதன் கடைசியில் ‘அட் ஆல்’ என்று காதில் விழுந்தால் சின்ன விஷயம் என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான துணை ‘ஆவது’ என்ற இடைச்சொல். ‘கொஞ்சமாவது’, ‘ஒரு தடவையாவது’, ‘ஏதாவது’. கேள்வியில் ‘அட் ஆல்’ வரும்போது மனத்துக்குள் ‘ஆவது’ சேர்த்துப் பாருங்கள், பொருள் நேராக வந்து நிற்கும்.

தொனியையும் கவனிக்க வேண்டும். ‘டிட் யூ ஸ்டடி அட் ஆல்?’ என்று தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு ஒரு பெற்றோர் கேட்டால், அது குற்றச்சாட்டு: ‘நீ படித்தாயா இல்லையா, கொஞ்சமாவது புத்தகத்தைத் தொட்டாயா?’ அதே தொடர் ‘கேன் ஐ ஹெல்ப் அட் ஆல்?’ என்பதில் மென்மையாகிவிடுகிறது. சிறிய உதவியாக இருந்தாலும் செய்யத் தயார் என்று, கேட்பவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு முன்வருகிறார். சொற்கள் அவையே. யார், யாரிடம், எந்த நேரத்தில் கேட்கிறார் என்பதுதான் அவை கடுமையா கனிவா என்பதை முடிவு செய்கிறது.

வாக்கியத்தில் எங்கே வைப்பது?

பெரும்பாலும் கடைசியில். ‘ஐ டிட்ன்ட் ஸ்லீப் அட் ஆல்.’ ‘தேர் இஸ் நோ டவுட் அட் ஆல்.’ பண்பைச் சொல்லும் சொல் இருந்தால் ‘நாட்’ என்பதோடு சேர்ந்து அதற்கு முன்னாலும் நிற்கும்: ‘இட் இஸ் நாட் அட் ஆல் ஈஸி.’ இதையே ‘இட் இஸ் நாட் ஈஸி அட் ஆல்’ என்றும் சொல்லலாம். பேச்சில் இரண்டாவது வடிவமே அதிகம். முதலாவது கொஞ்சம் எழுத்து நடை.

தமிழ் பேசுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நம் மொழியில் ‘அறவே’, ‘சிறிதும்’ போன்றவை வினைக்கு முன்னால் வரும்: ‘எனக்கு அறவே ஆர்வமில்லை.’ அதே வரிசையில் ‘ஐ ஆம் அட் ஆல் நாட் இன்ட்ரஸ்டெட்’ என்றும், ‘அட் ஆல் ஐ டோன்ட் நோ’ என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டும் பிழை. எதிர்மறைச் சொல் முதலில் வர வேண்டும், ‘அட் ஆல்’ அதன் பின்னால் வர வேண்டும். இந்த ஒரு வரிசையைப் பழக்கிக்கொண்டால் பெரும்பாலான பிழைகள் மறைந்துவிடும்.

‘இஃப் அட் ஆல் ஹி கம்ஸ்’ என்று பலர் எழுதுகிறார்களே, அது சரியா?

இந்தியாவில் பேசப்படும் ஆங்கிலத்தில் இது வேரூன்றிய வழக்கு. ‘ஒருவேளை அவர் வந்தால்’ என்ற பொருளில் எழுதுகிறோம், நமக்குள் எல்லோருக்கும் புரிகிறது. பிரிட்டன், அமெரிக்க வழக்கில் ‘இஃப் ஹி கம்ஸ் அட் ஆல்’ என்றுதான் எழுதுவார்கள். ‘அவர் வருவதாக இருந்தால்’ என்ற சந்தேகம் அதில் தொனிக்கும்.

‘இஃப் அட் ஆல்’ என்ற சேர்க்கையே தவறு என்று சிலர் சொல்வது சரியல்ல. வினைச்சொல் தொக்கி நிற்கும்போது அது முறையான ஆங்கிலம்தான். ‘ஹி வில் கம் லேட், இஃப் அட் ஆல்’ என்றால், வந்தால் தாமதமாகத்தான் வருவார், வருவதே சந்தேகம் என்று பொருள். ‘இஃப் அட் ஆல் பாசிபிள்’, அதாவது ‘ஏதாவது ஒரு வகையில் முடியுமானால்’, என்பதும் நிலைபெற்ற தொடர். வேண்டுகோள் கடிதங்களில் அது அழகாகப் பொருந்தும்.

வினைக்கு முன்னால் வருவதும் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் இயல்பாக இருந்தது. 1611-இல் அச்சான ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியத்தில், சாமுவேல் முதல் நூலின் 20-ஆம் அதிகாரத்தில், ‘இஃப் தை ஃபாதர் அட் ஆல் மிஸ் மீ’ என்று தாவீது பேசுகிறார். உன் தந்தை என்னைத் தேடுவாரேயானால் என்பது அதன் பொருள். இன்று தேர்விலோ அலுவலகக் கடிதத்திலோ எழுதும்போது மட்டும் வினையை முதலில் வைத்து எழுதுங்கள்.

‘நாட் அட் ஆல்’ என்று பதில் சொன்னால் மறுக்கிறார்களா, சம்மதிக்கிறார்களா?

கேள்வியைப் பொறுத்தது. ‘ஆர் யூ டயர்ட்?’ என்பதற்கு அந்தப் பதில் வந்தால், களைப்பே இல்லை என்று பொருள். ‘தேங்க் யூ’ என்பதற்கு அந்தப் பதில் வந்தால், ‘இதற்கெல்லாம் எதற்கு நன்றி’ என்ற பணிவு. பிரிட்டிஷ் வழக்கில் சற்று மரியாதையான பதில் அது.

குழப்பம் வருவது மூன்றாவது இடத்தில். ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்று கேட்கிறீர்கள். அவர் ‘நாட் அட் ஆல்’ என்கிறார். இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டார் போலும் என நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்பதுதான் கேள்வி. ஆட்சேபம் துளியும் இல்லை, தாராளமாக உட்காருங்கள் என்பதுதான் பதில்.

‘வாட்ஸோஎவர்’, ‘இன் த லீஸ்ட்’ ஆகியவற்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

‘வாட்ஸோஎவர்’ பெயர்ச்சொல்லோடு சேரும்: ‘நோ டவுட் வாட்ஸோஎவர்.’ ‘ஐ டிட்ன்ட் ஸ்லீப் வாட்ஸோஎவர்’ என்று வினையோடு சேர்ப்பது இயல்பாக இல்லை. ‘இன் த லீஸ்ட்’ பெரும்பாலும் மனநிலையையும் பண்பையும் தொட்டு வரும்: ‘ஐ ஆம் நாட் இன் த லீஸ்ட் வரீட்.’ ‘அட் ஆல்’ மூன்று இடங்களிலும் பொருந்தும். எதைப் போடுவது என்று ஐயம் வந்தால் அதையே போடுங்கள்.

கூடவோ குறையவோ முடியாத செய்திகளிலும் வருமா? ஒருவர் மருத்துவராக இருப்பார், அல்லது இருக்கமாட்டார். இதில் ‘சிறிய அளவு’ எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி. ‘ஹி இஸ் நாட் எ டாக்டர் அட் ஆல்’ என்பது சரியான வாக்கியம். இங்கே அளவு பேசப்படவில்லை, கேட்பவரின் நம்பிக்கை மறுக்கப்படுகிறது. இதுவரை அவரை மருத்துவர் என்று நினைத்திருந்தீர்கள், அவர் டாக்டரே இல்லை. தமிழில் ஓர் ஏகாரம் செய்வதை ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் செய்கின்றன. யாரும் எதுவும் நினைத்திராத இடத்தில் இப்படிச் சொன்னால் விசித்திரமாக ஒலிக்கும்.

‘ஹி டிட்ன்ட் கம் அட் ஆல்’ என்பதும் இதற்குப் பக்கத்தில் வருவது. தாமதமாகவாவது, சிறிது நேரமாவது வந்திருப்பார் என்ற எண்ணத்தையும் அது நீக்கிவிடுகிறது.

தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது?

ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போட்டால் மொழிபெயர்ப்பு முரடாகிவிடும். எதிர்மறையில் ஏகாரமும் உம்மையும் போதும்: ‘தூங்கவே இல்லை’, ‘கொஞ்சமும் பிடிக்கவில்லை’, ‘ஒன்றுமே தெரியாது’. கேள்வியில் ‘ஆவது’. நிபந்தனையில் ‘வருவதாக இருந்தால்’ போன்ற அமைப்பு. ‘எனி’யோடு வரும்போது ‘எதுவாக இருந்தாலும்’. செய்தி மொழிபெயர்ப்புகளில் ‘அறவே’ என்ற ஒன்றையே எல்லா இடத்திலும் தூவுகிறார்கள். ‘அறவே வலிக்கிறதா?’ என்று எழுதினால் அது தமிழே அல்ல. நம் இடைச்சொற்கள் ஓரெழுத்தில் இதைச் செய்துமுடிக்கும் திறன் உள்ளவை. அவற்றை நம்பிப் பயன்படுத்துங்கள்.

‘ஆல்’ என்றால் ‘எல்லாம்’. அது எப்படி ‘சிறிதும்’ ஆனது?

14-ஆம் நூற்றாண்டில் இந்தத் தொடர் ஆங்கிலத்தில் தோன்றியபோது ‘எல்லா வகையிலும்’, ‘முழுமையாக’ என்றே பொருள் தந்தது. உடன்பாட்டு வாக்கியங்களிலும் வந்தது. ‘எல்லா வகையிலும் இல்லை’ என்று எதிர்மறையில் சொல்லும்போது அது ‘எந்த வகையிலும் இல்லை’ என்றாகிறது. காலப்போக்கில் எதிர்மறையோடும் கேள்வியோடும் நிபந்தனையோடும் மட்டுமே பெரும்பாலும் வழங்கி, அந்தச் சூழல்களுக்கே உரியதாகிவிட்டது.

தமிழின் ‘அறவே’ இன்னும் இரண்டு பக்கமும் நிற்கிறது. ‘அறவே இல்லை’ என்கிறோம், ‘அறவே ஒழித்தார்கள்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத் தொடர் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

‘அட் ஆல் காஸ்ட்ஸ்’, ‘அட் ஆல் டைம்ஸ்’ ஆகியவையும் இதுதானா?

இல்லை. அங்கே ‘ஆல்’ அடுத்து வரும் பெயர்ச்சொல்லோடு சேர்ந்தது: என்ன விலை கொடுத்தாவது, எல்லா நேரத்திலும். உடன்பாட்டு வாக்கியத்தில் அவை தடையின்றி வரும்.

சொல்லும்போது எப்படி ஒலிக்க வேண்டும்?

இரண்டு சொற்களையும் பிரிக்காமல், அழுத்தத்தை ‘ஆல்’ மீது வைக்க வேண்டும். பிரிட்டிஷ் பேச்சில் ‘அ-டால்’ என்பதுபோல ‘ட்’ அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கப் பேச்சில் அந்த ஒலி மென்மையாகி நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகரும். எழுதும்போது எப்போதும் இரண்டு தனிச் சொற்கள். சேர்த்து எழுதுவது பிழை.

இதைச் சொன்னால் மரியாதைக் குறைவாகத் தோன்றுமா?

விருப்பு வெறுப்பைச் சொல்லும் இடத்தில் தோன்றக்கூடும். ஒருவர் உழைத்து எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்து ‘ஐ டோன்ட் லைக் இட் அட் ஆல்’ என்றால், அதில் ஒரு வரிகூடத் தேறவில்லை என்று சொன்னதாகிவிடும். ‘ஐ டோன்ட் லைக் இட் வெரி மச்’ என்பது மறுப்பைச் சொல்லிக்கொண்டே பேச்சு தொடர வழிவிடுகிறது. அழைப்பை மறுக்கும்போதும், பிறருடைய வேலையை மதிப்பிடும்போதும் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். உங்கள் மேல் சுமத்தப்பட்ட பொய்க் குற்றத்தை மறுக்கும்போது தயங்காமல் ‘அட் ஆல்’ என்றே சொல்லுங்கள். அங்கே இடைவெளி விடத் தேவையில்லை.

‘அட் ஆல் அட் ஆல்’ என்று இரட்டித்துக் கேட்டிருக்கிறேன். அது என்ன?

அயர்லாந்து ஆங்கிலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வழக்கு அது. அங்கே ‘வாட் இஸ் இட் அட் ஆல்?’ என்று கேள்விகளின் கடைசியில் ‘அப்படி என்னதான் அது?’ என்ற பொருளிலும் வரும். கானா, நைஜீரியா நாடுகளின் ஆங்கிலத்தில் ‘களைப்பா?’ என்று கேட்டால், ‘நாட்’ இல்லாமலே ‘அட் ஆல்’ என்று மட்டும் பதில் வரும், அது ‘இல்லவே இல்லை’ என்பதாகும். இவை அந்தந்த மண்ணில் வளர்ந்த முறையான வழக்குகள், பிழைகள் அல்ல. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். தேர்வுத் தாளில் எழுதும்போது பொது வழக்கையே பின்பற்றுங்கள்.